காசு கொடுத்து வாங்கிய டிவிடி ஏன் பிரதி ஆக மறுக்கிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி: "பழைய டிவிடிகள் கீறல் விழுந்து வீணாவதற்குள் கணினியில் ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு படத்தின் கோப்புகள் முழு அளவில் வந்துவிட்டன. திறந்தால் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. இன்னொரு படம் பிளேயரில் அருமையாக ஓடுகிறது, பிரதி எடுத்தால் பாதியில் ரீட் எரர். ஒரு கேம் சிடியைப் பிரதி எடுத்தேன், 'அசல் வட்டைப் போடு' என்கிறது. எல்லாமே நான் வாங்கியவை. பேக்கப் எடுப்பது சட்டப்படி தப்பா? வீட்டு வீடியோக்களை நானே பதிந்த வட்டுகளும் இருக்கின்றன, அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்."

உங்கள் டிரைவில் கோளாறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. மூன்று வட்டுகளில் மூன்று விதமான பூட்டு, அவ்வளவுதான்.

முதல் படத்தில் இருப்பது சி.எஸ்.எஸ். என்ற முறை. 1996-இல் டிவிடியோடு சேர்ந்தே வந்தது. வட்டில் தகவல் 2,048 பைட் கொண்ட செக்டர்களாக இருக்கும். பூட்டப்பட்ட செக்டரில் முதல் 128 பைட்டை அப்படியே விட்டுவிட்டு மீதியைக் கலைத்துப்போட்டிருப்பார்கள். தலைப்பகுதி சுத்தமாக இருப்பதால் உங்கள் வீடியோ மென்பொருள் 'இது படம்தான்' என்று நம்பித் திறக்கிறது. உள்ளே போனால் குப்பை. நீங்கள் பார்த்த கட்டங்கள் அதுதான்.

கலைந்ததைச் சேர்க்கும் சாவியும் அதே வட்டில்தான் இருக்கிறது. ஆனால் கோப்பாக இல்லை. வட்டின் உள்விளிம்பை ஒட்டிய தொடக்கப் பகுதியில், பிளேயர் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்த சுமார் 400 சாவிகளுக்கும் தனித்தனியாகப் பூட்டி எழுதி வைத்திருப்பார்கள். பிளேயர் மென்பொருள் தன்னை நிரூபித்துக்கொண்டால்தான் டிரைவ் அந்தப் பகுதியைக் காட்டும். சாதாரணமாக விற்கும் வெற்று டிவிடிகளில் அந்த இடத்தில் நாம் எழுதவும் முடியாது. ஆகவே, கோப்புகளை இழுத்துப் போட்டால் பெட்டி வந்துவிடும், சாவி ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்தப் பூட்டின் சாவி வெறும் 40 பிட் நீளம். 1999-லேயே உடைந்துவிட்டது. ஒரு மென்பொருள் பிளேயர் தன் சாவியைச் சரியாக ஒளித்து வைக்காததும் அதற்கு ஒரு காரணம். ப்ளூ-ரே வந்தபோது பாடம் கற்றுக்கொண்டு 128 பிட்டுக்கு மாறினார்கள். ஒரு பிளேயரின் சாவி கசிந்தால் அடுத்து வரும் வட்டுகளில் அந்தச் சாவியைச் செல்லாததாக்கவும் வழி வைத்தார்கள். சில ப்ளூ-ரே பிளேயர்கள் புதுப் படத்தைப் போட்டதும் அப்டேட் கேட்பது இதனால்தான்.

இரண்டாவது படத்தில் இருப்பது பெரும்பாலும் வேண்டுமென்றே வைத்த பழுதான செக்டர்கள். பிளேயர் வட்டை வரிசையாகப் படிப்பதில்லை. 'இங்கிருந்து அங்கே தாவு' என்ற கட்டளைகளைப் பின்பற்றுவதால் பழுதான இடத்தை மிதிக்காமலே போய்விடும். பிரதி எடுக்கும் மென்பொருளோ முதல் செக்டரிலிருந்து கடைசி வரை நடக்கிறது, குழியில் விழுகிறது. உண்மையான கீறலும் இதே எரரைத்தான் காட்டும். பிளேயரிலும் ஒரே இடத்தில் திக்கினால் கீறல். திக்காமல் ஓடினால் பூட்டு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கேம் சிடி வேறு ரகம். அது தகவலைப் பார்ப்பதில்லை, வட்டின் உடம்பைப் பார்க்கிறது. முதல் பிளேஸ்டேஷனின் வட்டுகளில் தொடக்கப் பகுதியின் தடத்தையே நுட்பமாக நெளியவிட்டு, அந்த நெளிவில் அடையாள எழுத்துகளைப் பொதித்திருந்தார்கள். வட்டில் எழுதும் சாதாரண டிரைவால், அதாவது பர்னரால், அந்த நெளிவைப் போட முடியாது. கணினி கேம்களில் வந்த சேஃப்டிஸ்க், பல பர்னர்கள் எழுதத் தடுமாறும் பிட் வரிசைகளை வட்டில் வைத்தது. வேடிக்கை என்னவென்றால், விண்டோஸுக்குள் ஓடும் அதன் துணை நிரலில் (டிரைவர்) பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015-இல் மைக்ரோசாஃப்ட் அதை விண்டோஸ் 10-இல் சேர்க்கவில்லை. பிரதி எடுத்தவன் கிடக்கட்டும், அசல் வட்டை வாங்கியவரே வெளியே நிற்கிறார்.

சரி, சட்டத்துக்கு வருவோம். இங்கே பலரும் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பிரதி எடுக்கலாமா என்பது ஒன்று, பூட்டை உடைக்கலாமா என்பது இன்னொன்று. 1996-இல் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பதிப்புரிமை ஒப்பந்தம் இந்தப் பூட்டுகளுக்கே தனியாகச் சட்டப் பாதுகாப்பு தரும்படி கேட்டது. அதன் பிறகு, முதல் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலும் இரண்டாவதற்கு 'இல்லை' என்று வரலாம்.

அமெரிக்காவின் 1998 சட்டப்படி பூட்டை உடைப்பதே மீறல். வட்டு உங்களுடையது என்பது பெரிய சமாதானம் ஆகாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விதிவிலக்குகள் அறிவிக்கிறார்கள், ஆனால் சொந்தப் படத்தை முழுதாக பேக்கப் எடுக்க இதுவரை அனுமதி தரவில்லை. சி.எஸ்.எஸ். உடைப்பு மென்பொருளை ஒரு பத்திரிகை தன் தளத்தில் வெளியிடுவதை 2000-இல் நியூயார்க் நீதிமன்றம் தடுத்தது. அதே மென்பொருளை உருவாக்கியதில் பங்கு வகித்த நார்வே இளைஞர் யோன் லெக் யோஹான்சனை 2003-இல் அந்நாட்டு நீதிமன்றங்கள் இருமுறை விடுவித்தன. தன் டிவிடியைத்தானே அவர் பார்த்தார் என்பது அங்கே எடுபட்டது. பிரான்ஸில் ஒருவர் தான் வாங்கிய படத்தை அம்மா வீட்டில் பார்க்க கேசட்டில் பதிய முடியவில்லை என்று வழக்குப் போட்டார். தனிப் பிரதிச் சலுகையைக் காட்டி வட்டில் பூட்டுப் போடுவதைத் தடுக்க முடியாது என்ற நிலைப்பாட்டை 2006-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எடுத்தது.

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் 65ஏ பிரிவு வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் அது குற்றமாக்குகிறது. கணினி நிரலுக்கு, இழப்பிலிருந்து காக்கும் பிரதி எடுக்க 52-ஆம் பிரிவு வெளிப்படையாகவே இடம் தருகிறது. படத்துக்கு அவ்வளவு தெளிவான வரி இல்லை. 'நோக்கம்' என்ற சொல்லை நம்பித்தான் வாதாட வேண்டும். அந்தச் சொல்லை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பேன். எடுத்த பிரதியை நண்பருக்குக் கொடுத்த நொடியில் அந்த வாதமும் பலவீனமாகிவிடும்.

படங்களுக்கு, கிடைத்தால் டிஜிட்டல் பதிப்பை வாங்குவதுதான் தலைவலி இல்லாத வழி. கேமுக்கு, பூட்டு நீக்கி மறுவெளியீடு செய்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஆனால் நீங்கள் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். கடையில் வாங்கிய வட்டில் தகவல் பிளாஸ்டிக்கில் அச்சாகப் பதிந்திருக்கிறது. பத்திரமாக வைத்தால் நெடுநாள் தாங்கும். நீங்களே பதிந்த வட்டில் அது ஒரு சாயப் படலத்தில்தான் இருக்கிறது. வெயிலிலும் வெப்பத்திலும் சாயம் வெளுக்கும். அவற்றில் எந்தப் பூட்டும் கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. இன்றைக்கே அவற்றை ஏற்றிவிடுங்கள்.