வாழைப்பழமும் பூக்கல்லும்: விளையாட்டுக் கலை பற்றிக் கேள்வி பதில்

சிரிக்க வைக்கும் சிற்பம், குறும்பான நாற்காலி, எதற்கென்றே புரியாத சாமான் என இன்றைய கலையிலும் வடிவமைப்பிலும் வருகிறவற்றைப் பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்: சுவரில் வாழைப்பழத்தை ஒட்டிப் பல கோடிக்கு விற்றார்களாமே? இதையும் கலை என்று பிள்ளைகளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

ஐயா, நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தாலியரான மௌரிசியோ கத்தெலான் 2019இல் மயாமி கலைச் சந்தையில் ஒரு வாழைப்பழத்தை ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டினார். ‘காமெடியன்’ என்று பெயர். அப்போது விலை 1,20,000 டாலர். 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் அதன் ஒரு பிரதி, கட்டணங்களையும் சேர்த்து, 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் பழத்தைத் தின்றும்விட்டார். அதனால் நஷ்டமில்லை. பழம் அழுகினால் வேறு பழம் ஒட்டிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்குவது சான்றிதழையும் ஒட்டும் முறையையும்தான். கலைச் சந்தையை அதன் நடுக்கூடத்திலேயே நின்று கேலி செய்தது கெட்டிக்காரத்தனம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்தியைக் கேட்டுவிட்ட பிறகு நேரில் போய்ப் பார்ப்பதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

பிள்ளைகளுக்குப் பிக்காசோ 1942இல் செய்த காளைத் தலையைக் காட்டுங்கள். ஒரு பழைய சைக்கிள் சீட், அதன் மேல் ஒரு ஹேண்டில்பார், அவ்வளவுதான். சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்த பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டியதில்லை. சைக்கிள் என்று தெரிந்த பிறகும் காளை போய்விடுவதில்லை. காளையைக் கண்ட பிறகும் சைக்கிள் மறைவதில்லை. இரண்டாம் முறை பார்க்கும்போதும் வேலை செய்கிறதா என்பதுதான் என் அளவுகோல். கீழே வரும் எல்லாப் பதில்களிலும் அதையேதான் வைத்துப் பார்க்கிறேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர்: எனாமல் தூக்குவாளியை விளக்காகவும், பழைய கதவை மேசையாகவும் மாற்றி விற்கலாம் என்று நினைக்கிறேன். எடுபடுமா?

எடுபடும் அண்ணே, ஆனால் எதை மாற்றுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். இத்தாலிய வடிவமைப்பாளர் அக்கீலே காஸ்திலியோனியும் அவருடைய சகோதரரும் 1957இல் ஒரு ஸ்டூல் வடிவமைத்தார்கள். டிராக்டரின் இரும்பு இருக்கை, வில் போல வளையும் ஒற்றை எஃகுப் பட்டை, அடியில் குறுக்காக ஒரு மரக்கட்டை. டிராக்டர் இருக்கை அங்கேயும் இருக்கையாகவே இருக்கிறது. ஓட்டுபவருக்குக் குலுக்கலைத் தாங்கிக்கொடுத்த அதே வளைவு வீட்டிலும் உட்காருகிறவரைத் தாங்குகிறது. பொருளின் குணத்தை மாற்றாமல் இடத்தை மட்டும் மாற்றினார்கள். வேடிக்கை அங்கேதான் பிறக்கிறது.

உங்கள் தூக்குவாளிக்கு வருகிறேன். ஒயர் விடுவதற்காக அடியில் துளை போட்டால் எனாமல் சில்லுச் சில்லாகப் பெயரும். உள்ளிருக்கும் இரும்பு அந்த இடத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். மூடியைக் கழற்றி, வாய் வழியாகவே ஒயரை விட்டு, கைப்பிடியில் தொங்கவிடுங்கள். முழுசாக இருக்கும் நிலைக்கதவை மேசைக்காக அறுக்கவே அறுக்காதீர்கள். ஏற்கெனவே பிளந்தது, கீழ்ச்சட்டம் கரையான் அரித்தது என்று கடையில் எத்தனையோ கிடக்குமே, அவற்றில் கை வையுங்கள்.

ஆத்தங்குடியிலிருந்து ஓர் இளைஞர்: அப்பா காலத்திலிருந்து பூக்கல் போடுகிறோம். அதே பூ, அதே கட்டம். புதிதாக, விளையாட்டாக ஏதாவது செய்ய முடியுமா?

தம்பி, வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான். உங்களுக்குத் தெரிந்த வேலையை மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூக்கல் என்பது தரையில் பதிக்கும் பூவேலைச் சிமெண்டுக் கல். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, அறை அறையாக நிறச் சாந்தை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, உலர்த்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் கண்ணாடி கழன்றுகொள்ளும். சூளையே கிடையாது. பளபளப்பு முழுவதும் கண்ணாடி கொடுத்தது.

இனி விளையாட்டு. செபாஸ்தியன் த்ருஷே என்ற பிரெஞ்சுத் துறவி 1704இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சதுரக் கல்லை மூலைவிட்டமாகப் பிரித்து ஒரு பாதிக்குக் கறுப்பு, மறுபாதிக்கு வெள்ளை. கல் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதை நான்கு பக்கமும் திருப்பி வைக்கலாம். இரண்டுக்கு இரண்டாக நான்கு கல் பதித்தாலே 256 விதமாக அடுக்கலாம்; ஒரு பட்டாலைக் கூடம் முழுவதும் பதித்தால் எண்ணி முடியாது. உங்களுக்குச் செலவு ஒரே அச்சு. கல் பதிக்கும் கொத்தனார்தான் ஆட்டக்காரர்.

1987இல் சிரில் ஸ்டான்லி ஸ்மித் என்ற உலோகவியல் அறிஞர் அதையே சற்று மாற்றினார். எதிரெதிர் மூலைகளில் இரண்டு கால்வட்ட வளைவுகள். கல்லைத் திருப்பிப் பதித்தால் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓரிடத்தில் வட்டமாகும், இன்னோர் இடத்தில் பாம்பாக நெளியும். சிக்குக் கோலம் போடும் வீட்டுப் பெண்கள் பார்த்தவுடன் வழியைப் பிடித்துவிடுவார்கள். இதில் ஒரே கண்டிப்பு, வளைவின் முனை ஒவ்வொரு பக்கத்திலும் சரிபாதியில் முடிய வேண்டும். 8 அங்குலக் கல்லென்றால் 4 அங்குலத்தில். ஒரு நூல் தள்ளிப்போனாலும் சந்துக்குச் சந்து கோடு அறுந்து நிற்கும். அச்சு அடிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து அளந்து வாங்குங்கள்.

இன்னொன்று: கல்லின் முகம் கண்ணாடியைப் பார்த்துக் கிடப்பதால், மேலிருந்து நீங்கள் பார்ப்பது இடவலம் மாறிய உரு. தமிழ் எழுத்துகளை வைத்துத் தரை போட ஆசைப்பட்டால் அச்சில் எழுத்தைத் திருப்பி அடிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரரின் பெயர் ஒவ்வொரு கல்லில் ஒவ்வோர் எழுத்தாகக் கலைந்து கிடக்கும் முகப்பை யாராவது போட்டால் முதல் ஆளாக வந்து பார்ப்பேன்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: பாத்திரங்களை அடுக்கிச் சிற்பம் என்கிறாராம் ஒருவர். எங்கள் இரண்டாங்கட்டு அறையிலும் அவ்வளவு பாத்திரம் பூட்டிக் கிடக்கிறது. அதுவும் சிற்பமா?

ஆச்சி, நீங்கள் சொல்பவர் பீகாரில் பிறந்த சுபோத் குப்தா. எவர்சில்வர் வாளி, தூக்கு, குவளை என்று ஆயிரக்கணக்கில் சேர்த்து 2006இல் பிரம்மாண்டமான மண்டையோடு ஒன்றைச் செய்தார். 2008இல் அணுகுண்டுப் புகைக்காளானைச் செய்தார். பின்னது தில்லியில் கிரண் நாடார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சோறு போடும் பாத்திரத்திலேயே அழிவைக் காட்டுவது கனமான எண்ணம். அந்தப் பளபளப்பில் நம் முகமும் தெரிகிறது என்பது எனக்கு அதைவிட முக்கியம்.

கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது நீங்கள் செய்வது எனக்கு அதற்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. பெரிது அடியில், சிறிது மேலே, பித்தளை ஒரு வரிசை, மங்குச் சாமான் ஒரு வரிசை என்று வளவையே, வீட்டு நடுமுற்றத்தையே, ஓர் உருவமாக்கிவிடுகிறீர்களே! உங்கள் பாத்திரங்களில் விலாசம் வெட்டியிருக்கும். யார் வீட்டுப் பெண் எந்த வீட்டுக்கு வந்தாள் என்று அந்த எழுத்தே சொல்லும். குப்தாவின் பாத்திரங்களில் அது கிடையாது. எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வருஷத்தில் ஒரு நாள் வளவில் பரப்பி, பேரப்பிள்ளைகளையே வேறு விதமாக அடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

கோட்டையூரிலிருந்து ஒருவர்: பங்காளிகள் பேசி முடித்துவிட்டார்கள், பழைய வீடு இடிபடப் போகிறது. தூணும் கதவும் விலைபோய்விட்டன. உடைந்த தரைக்கல்லையும் பீங்கானையும் யாரும் கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

படிக்கவே வேதனையாக இருந்தது. அள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர், நகரத்துக்காக இடித்துப் போட்ட ஊர்களின் மிச்சத்தை வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் பொறுக்கினார். உடைந்த வளையல், கோப்பை, தட்டு, ஓடு. காட்டுக்குள் அரசுக்குத் தெரியாமலே பல ஆண்டுகள் மனிதர்களையும் விலங்குகளையும் செய்து அடுக்கினார். கண்டுபிடித்த அதிகாரிகள் இடிக்கப் பார்த்தார்கள், மக்கள் விடவில்லை. 1976இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. வளையல் துண்டாலேயே உடுத்திய பெண்கள் அங்கே வரிசை வரிசையாக நிற்கிறார்கள்.

இடிப்பதற்கு முன் ஒரு வேலை. ஒவ்வொரு துண்டின் முதுகிலும் முகப்பு, வளவு, அடுப்படி என்று எந்த இடத்துக் கல் என பெயிண்டால் எழுதிவிடுங்கள். பிறகு திண்ணையோ கிணற்றடிச் சுவரோ எதில் பதித்தாலும், பழைய வீட்டின் வரிசையிலேயே பதிக்கலாம். வீடு போனாலும் அதன் வரைபடம் நிற்கும். துண்டு வேண்டுமென்பதற்காக நல்ல தரையை உடைக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு என்னிடம் யோசனை எதுவும் கிடையாது.

பள்ளத்தூர் ஆசிரியை: தொடாதே என்று சொல்லாத கலை ஏதாவது உண்டா? வகுப்பில் செய்ய வேண்டும்.

உண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1952இல் சீட்டு அட்டைகளில் கீறல் வெட்டி, ஒன்றில் ஒன்றைச் செருகிக் கோபுரம் கட்டும் விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வோர் அட்டையிலும் பட்டன், நூல்கண்டு, கத்தரிக்கோல் போன்ற சாதாரணப் பொருள்களின் படம். கல்யாணப் பத்திரிகை அட்டைகள் நம் ஊரில் எந்த வீட்டில் இல்லை? ஓர் அட்டைக்கு ஆறு கீறல் போதும். கீறலின் அகலம் அட்டையின் தடிமனே இருக்கட்டும். கூடினால் கோபுரம் சரியும்.

பெரிய வகுப்பென்றால் நெதர்லாந்தின் தியோ யான்சென் 1990 முதல் செய்துவரும் கடற்கரை விலங்குகளின் காணொளியைக் காட்டுங்கள். பிவிசி குழாய்களாலான கால்கள், காற்றடித்தால் தாமே நடக்கும், மோட்டார் கிடையாது. பிறகு ஈர்க்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளையும் கொடுத்து, ஒரு கால் மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

புதுவயலிலிருந்து ஒருவர்: மகன் வெளிநாட்டிலிருந்து மூன்று கால் எலுமிச்சை பிழியும் சாமான் அனுப்பியிருக்கிறான். சாறு விரலில்தான் வழிகிறது.

பிரெஞ்சு வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க் வடிவமைத்து 1990இல் வெளிவந்தது. சிலந்திபோல நிற்கும் அழகுக்காகவே வாங்குகிறார்கள். விதையும் சாறோடுதான் விழும். தங்க முலாம் பூசியதாக இருந்தால் பிழியவே கூடாது, புளிப்புப் பட்டு முலாம் கெடும். அலமாரியில் வையுங்கள்.

காரைக்குடிக் கல்லூரி மாணவி: இப்படிப்பட்டவற்றை நேரில் பார்க்க எங்கே போவது?

முதலில் கொச்சி. 2012இல் தொடங்கிய பினாலே என்ற கலைத் திருவிழா, ஃபோர்ட் கொச்சியின் பழைய கிடங்குகளில் டிசம்பரில் தொடங்கிச் சில மாதங்கள் நடக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது கணக்கு, கிளம்பும் முன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். சென்னைக்குப் போனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1966இல் ஓவியர்களே சேர்ந்து உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், அதே சாலையில் இன்னும் தெற்கே தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகம். தட்சிணசித்ராவில் நம் செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பிரித்துக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். ஆத்தங்குடிக்கு டவுன் பஸ்ஸே போகிறதே, இவற்றுக்கெல்லாம் முன் அங்கே ஒரு காலைப்பொழுது போய் நில்லுங்கள். கண்ணாடி கழலும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும்.