பழைய பூவேலைச் சட்டத்துக்குத் தங்க நிறப் பெயிண்ட் அடிக்கலாமா?

அடிக்கவே வேண்டாம். பூவேலைப்பாடுள்ள பழைய படச் சட்டம் மங்கி, மூலையில் இரண்டு இலைகளும் உதிர்ந்து நிற்கும்போது பெயிண்ட் டப்பாவைத் தேடத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அத்தகைய பெயிண்டுகள் பலவற்றில் இருப்பது பித்தளைத் தூள். அது காற்றுப்பட்டு நாளடைவில் பழுப்பேறிக் கறுத்துவிடும். அடியில் இருக்கும் அசல் தங்கம் கறுக்காது.

மரத்தின் மேல், வச்சிரப் பசையில் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் தச்சர் பசை) குழைத்த சுண்ணக்கட்டித் தூளைப் பல முறை பூசி, உப்புத்தாளால் வழவழப்பாக்கி, அதற்கு மேல் செந்நிறக் களிமண்ணைப் பூசி, அதை நீரால் நனைத்த கணத்தில் தங்க ரேக்கை, அதாவது அடித்து மெலிதாக்கிய தங்கத் தாளை, வைப்பது ஒரு பழைய முறை. ரேக்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்கு, மூச்சுக்காற்றுக்கே மடங்கிவிடும். ஈரப்பரப்பின் அருகே கொண்டுபோனதும் அது தானாகவே தாவி ஒட்டிக்கொள்வதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. ஈரம் சரியான பதத்துக்கு வந்ததும் அகேட் என்னும் வழவழப்பான கடினக் கல்லால் தேய்த்தால், அடியிலுள்ள களிமண் அழுந்தித் தங்கம் கண்ணாடிபோல் மின்னும்.

நீரால் ஒட்டியது நீராலேயே போய்விடும் என்பதை நான் கற்றது ஒரு சட்டத்தைக் கெடுத்த பிறகுதான். ஈரப்பஞ்சால் ஒரே ஒரு முறை துடைத்தேன். தங்கமும் செம்மண்ணும் சேர்ந்து பஞ்சில் வந்துவிட்டன. எண்ணெய்ப் பசையில் ஒட்டிய ரேக்கு ஓரளவு ஈரத்தைத் தாங்கும். இரண்டில் எது என்று கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் சோதித்துப் பார்க்கும்வரை, மென்மையான தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உதிர்ந்த இலைக்கு, அதே வடிவம் சேதமின்றி உறுதியாக உள்ள இன்னொரு மூலையிலிருந்து, பல் மருத்துவர்கள் அளவெடுக்கப் பயன்படுத்தும் சிலிக்கோன் மாவால் அச்செடுத்து வார்த்துக்கொள்ளலாம். ஒட்டுவதற்கு வச்சிரமே நல்லது. பின்னால் வேறொருவர் திருத்த நேர்ந்தால் இளஞ்சூடும் ஈரமும் பட்டு அது இளகிக்கொடுக்கும். மூலை இணைப்பின் உட்பக்கம் விரிந்திருந்தால், மரம் காய்ந்து அகலவாக்கில் சுருங்கியிருக்கிறது என்று பொருள். இணைப்பு ஆடுமானால் மேலே மக்கு (இடைவெளியை அடைக்கும் பூச்சு) வைத்து மூடாமல், பிரித்து, பழைய பசையைச் சுரண்டியெடுத்துவிட்டு மீண்டும் ஒட்டுங்கள்.

மேடான இடங்களில் தங்கம் தேய்ந்து செம்மண் தெரிவதைக் குறையாக எண்ணி மூடிவிடாதீர்கள். அது அந்தச் சட்டத்தின் வயது. புதிதாக ரேக்கு ஒட்டிய இலைதான் அதற்கு இசைய வேண்டும். அதன் மேடுகளைப் பஞ்சால் மெல்லத் தேய்த்து, பள்ளங்களில் நீர்த்த பழுப்பு வண்ணம் பூசி, கையெட்டும் தொலைவில் நின்று பார்த்தால் பழையது எது, புதியது எது என்று தெரியாதபடி ஆனதும் நிறுத்திவிடுவேன்.