லார்ப் விளையாட்டில் வந்தவருக்கு மட்டும் அனுபவப் புள்ளி கொடுப்பது நியாயமா?

கிளிநொச்சியில் லார்ப், அதாவது வேடம் போட்டு நேரில் ஆடும் கதை விளையாட்டு, தொடங்கப்போகிறீர்கள். ஆட்டத்துக்கு வருகிறவருக்கு மட்டும் அனுபவப் புள்ளி, அதாவது அவர் ஏற்கும் வீரனுக்குப் புது மந்திரம், கவசம் பெற்றுத்தரும் புள்ளி, கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

கொடுக்கலாம், ஆனால் அது மட்டும் போதாது. 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டில் அரக்கனைக் கொன்றால், புதையல் எடுத்தால் புள்ளி. நேரில் ஆடும்போது அப்படிக் கொடுத்தால் வேகமாக ஓடுகிறவனே எல்லாவற்றையும் அள்ளிவிடுவான். அதனால்தான் பல குழுக்கள் வருகைக்குப் புள்ளி கொடுக்கின்றன.

அதிலும் சிக்கல் இருக்கிறது. மாசியில் காலபோக நெல் அறுவடை. வயலில் வெட்டு நடக்கும்போது முரசுமோட்டைப் பெடியன் எப்படி வருவான்? இரண்டு ஆட்டம் தவறினால் அவனுடைய வீரனுக்குப் புது மந்திரமும் இல்லை, கவசமும் இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் ஓரமாக நிற்பான். அப்புறம் வரவே மாட்டான்.

ஆகவே மொத்தப் புள்ளிக்கு உச்சவரம்பு வையுங்கள். பின்தங்கியவர் சீக்கிரம் எட்டிப்பிடிக்கட்டும். எதிரியாக நடித்தவர், கூடாரம் கட்டியவர், சோறு சமைத்தவர் எல்லோருக்கும் சமபுள்ளி கொடுங்கள். "நல்லா நடித்தார்" என்று ஆட்டத்தை நடத்துகிறவர் தரும் போனஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். அது நெருங்கிய கூட்டாளிகளுக்கே போய்ச் சேரும். கூச்சமுள்ள பிள்ளைக்கு ஒருநாளும் கிடைக்காது.