மழையைத் தடு, வெக்கையை விடு: தோட்டக் கேள்வி – பதில்

வாசகர், பாலிக் புலாவ், பினாங்கு: வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 40 அடி இடம் இருக்கிறது. மிளகாய் போட ஆசை. இங்கிலாந்தில் கட்டும் பாலிடனல் (வளைந்த குழாய்கள்மேல் பாலித்தீன் தாள் போர்த்திய குடில்) படங்களைப் பார்த்தேன். அதேபோல் கட்டலாமா?

அப்படியே கட்டாதீர்கள். அங்கே குடில் கட்டுவது குளிருக்கு. அதனால் பாலித்தீன் தாளைத் தரைவரை இறக்கி, ஓரத்தைப் பள்ளத்தில் புதைத்துவிடுவார்கள். பினாங்கு வெயிலில் அப்படி மூடினால் நடுப்பகலில் உள்ளே 40 டிகிரியைத் தாண்டும், மிளகாய்ப் பூ மொத்தமும் கொட்டிவிடும். நமக்குக் குடிலின் முதல் வேலை மழையைத் தடுப்பது. விவசாய இலாகாவில் மலாயில் ‘ஸ்ட்ருக்தூர் பெலிண்டுங் ஹூஜான்’ (மழைக்காப்புக் குடில்) என்று கேளுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள்.

வகைகளில் அரைவட்ட வளைவுதான் மலிவு. ஆனால் உச்சி தட்டையாக இருப்பதால் மழைநீர் தேங்கும். பக்கங்கள் உள்ளே சரிவதால் ஓர வரிசையில் குனிந்தே வேலை செய்ய வேண்டும். கால்களை நேராக நிறுத்தி மேலே மட்டும் வளைத்தால் இந்த இரண்டாவது தொல்லை தீரும். உச்சியைக் கூம்பாக்கினால் முதல் தொல்லையும் தீரும். அந்தக் கூம்பின் உச்சியைத் திறந்து விட்டு, அதற்குமேல் இன்னொரு சிறு கூரையை ஒன்றரை அடி உயர்த்தி வைப்பது இரட்டைக் கூரை. சூடான காற்று மேலே ஏறி அந்த இடைவெளி வழியாக வெளியேறிவிடும். நம் சமவெளிக்கு இதைவிடப் பொருத்தமான வகை இல்லை என்பதே எங்கள் கருத்து. மேல்கூரை இரு பக்கமும் ஒன்றரை அடி நீண்டிருக்கட்டும், இல்லாவிட்டால் சாரல் உள்ளே விழும்.

உங்கள் இடத்துக்கு 1¼ அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் எடுங்கள். 5 அடிக்கு ஒரு வளைவு என்றால் 9 வளைவுகள் வரும். கால் உயரம் 8 அடி, உச்சி 13 அடி. உயரத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். தாழ்வான குடில்தான் அதிகம் கொதிக்கும். ஒவ்வொரு காலையும் 2 அடி ஆழத்தில் கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் அடிக்கும் சுமாத்திராக் காற்று கூரையை மேலே தூக்கத்தான் பார்க்கும். நான்கு மூலையிலும் குறுக்குக் குழாய் அவசியம்.

வாய்க்காலை மறந்துவிடுபவர்கள் அதிகம். இந்தக் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் சுமார் 3,700 லிட்டர் தண்ணீர் இரண்டு ஓரத்திலும் கொட்டும். ஓரமாக ஓர் அடி அகலத்தில் வாய்க்கால் வெட்டாவிட்டால் அவ்வளவும் மிளகாய் வேருக்குத்தான் போகும்.

வாசகர், புக்கிட் மெர்தாஜாம்: 180 மைக்ரான் (0.18 மி.மீ.) தடிமன் தாள், 3 வருடம் உழைக்கும் என்றார்கள். பத்து மாதத்தில் கிழிந்துவிட்டது. ஏன்?

கிழிந்த இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள், அதுவே காரணத்தைச் சொல்லிவிடும்.

குழாய்மேல் நேர்கோடாகக் கிழிந்து, அந்த இடம் மஞ்சளித்து, விரலால் மடக்கினால் அப்பளம்போல் ஒடிகிறதா? வெயிலில் காய்ந்த இரும்பு சுட்டிருக்கிறது. தாள் படும் மேல்பக்கத்தில் தண்ணீரில் கரைக்கும் வெள்ளை பெயிண்ட் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் தாளைப் போடுங்கள். எண்ணெய் பெயிண்ட் வேண்டாம். குழாய் பி.வி.சி. என்றால் காரணம் வேறு: அதிலிருந்து கசியும் குளோரின் தாளின் புற ஊதாக் காப்பைத் தின்றுவிடும். கந்தக மருந்தை அடிக்கடி தெளித்தாலும் இதே கதிதான்.

ஓரத்தில், தாளைப் பிடித்துவைக்க ஸ்பிரிங் கம்பி மாட்டும் சேனலை ஒட்டிக் கிழிந்திருந்தால் தாள் தொய்வாக இருந்து காற்றில் படபடத்திருக்கிறது. இரண்டு வளைவுக்கு நடுவே பை போலத் தொங்கிக் கிழிந்திருந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. வளைவுகளின் இடைவெளி அதிகம்.

தாள் சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். விடியற்காலையில் இழுத்துக் கட்டினால் மதியம் தொய்ந்துபோகும். காற்றில்லாத நாளில், காலை 10 மணிக்குமேல், மாலை இடிமழைக்குமுன் முடித்துவிடுங்கள். ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்கி, எதிர்ப்பக்க நடுவை இழுத்து மாட்டி, பிறகு இரு முனைகளை நோக்கிப் போக வேண்டும். வெளிப்பக்கம் எது என்று தாளின் ஓரத்தில் அச்சிட்டிருந்தால் அதைப் பாருங்கள். ஹார்ட்வேர் கடையில் கட்டட வேலைக்கு விற்கும் சாதாரண பிளாஸ்டிக் நீண்ட நாள் தாங்காது.

வாசகி, செந்தூல்: தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, 3 அடி அகலத்தில் இரண்டு பாத்திகள்தான். மழை அடித்துச் சாவிக் கீரை (கடுகுக்கீரை வகை) மண்ணோடு மண்ணாகிவிடுகிறது.

உங்களுக்குத் தாழ்குடில் போதும். 20 மி.மீ. கறுப்பு பாலி பைப்பை 2.5 மீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். 10 மி.மீ. முறுக்குக் கம்பியை 2 அடி துண்டுகளாக்கி, பாத்தியின் இரு ஓரத்திலும் 3 அடிக்கு ஒன்றாக, பாதி உயரம் மண்ணுக்குள் அடித்து, அதன்மேல் பைப்பைச் செருகுங்கள். ஒரு மீட்டர் உயரம் கிடைக்கும். பைப்பைச் செருகும்வரை, கம்பியின் மேல்முனையில் பழைய போத்தலைக் கவிழ்க்காமல் பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். தாளைக் கூரைபோல மேலே மட்டும் போட்டு, பக்கங்களில் கீழ்ப்பாதியைத் திறந்தே விடுங்கள்.

வாசகர், கெப்போங்: வெள்ளை ஈக்குப் பயந்து நான்கு பக்கமும் 50 மெஷ் (அங்குலத்துக்கு 50 கண்) வலை அடித்தேன். ஈ குறைந்தது, தக்காளியில் காய் பிடிக்கவில்லை.

கண் சிறுத்தால் காற்றும் குறையும், உள்ளே சூடு ஏறும். வலையைக் கழற்ற வேண்டாம். உச்சியில் திறப்பு வையுங்கள், அதையும் வலையால் மூடுங்கள். நிழல் வலை போடுவதென்றால் தாளுக்கு மேலே, ஓர் அடி உயர்த்திப் போடுங்கள். உள்ளே கட்டினால் அது வாங்கும் வெயில் உள்ளேயே சூடாகத் தங்கும். காற்று அசைக்காத தக்காளிக் கொத்துகளைக் காலையில் விரலால் தட்டிவிடுங்கள். வெள்ளரி போடுவீர்களானால் மகரந்தம் இல்லாமலே காய்க்கும் ரகமாக வாங்குங்கள், வலைக்குள் தேனீ வராது.

வாசகி, பட்டர்வொர்த்: குடிலுக்குள் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா?

ஒரு துளி தண்ணீர் விடுங்கள். கரைந்தால் உர உப்பு. மழை படாத மண்ணில் உப்பைக் கழுவிவிட ஆளில்லை. ஒரு சாகுபடி முடிந்ததும் உரமில்லாத தண்ணீரை, வடிந்து வாய்க்காலுக்கு வரும்வரை, இரண்டு மூன்று நாள் பாய்ச்சுங்கள். தாள் மாற்றும் வேளை வந்தால் இன்னும் நல்லது: பழையதை எடுத்தபின் இரண்டு மழையை மண் வாங்கட்டும், அதற்குப்பின் புதியதைப் போடுங்கள்.