44 வயதில் புட்சால் ஆடலாமா?

கேள்வி: எனக்கு ஆறு ஆண்டாக இனிப்பு நீர் (நீரிழிவு). மெட்ஃபார்மினும் கிளிக்லாசைடும் சாப்பிடுகிறேன். தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடக்கிறேன், ஆனால் வாரத்தில் பாதி நாள் விட்டுப்போகிறது. பள்ளித் தோழர்கள் ஞாயிறு இரவு புட்சாலுக்கு, அதாவது ஐவர் காற்பந்துக்கு, கூப்பிடுகிறார்கள். போகலாமா?
– வாசகர், செந்தூல்

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் இந்த ஞாயிறே வேண்டாம், ஆறு வாரம் கழித்து.

நடைக்குப் போகாவிட்டால் யாரும் கேட்பதில்லை. ஐவர் அணியில் ஒருவர் குறைந்தால் "எங்கடா இருக்கே?" என்று போன் வந்துவிடும். குழு ஆட்டத்தின் பெரிய பலமே அதுதான். கோப்பன்ஹேகன் நகர இதய ஆய்வு 2018-ல் வெளியிட்ட கணக்கில், உடலசைவே இல்லாதவர்களைவிட மெதுவோட்டக்காரர்கள் 3.2 ஆண்டும், காற்பந்து ஆடியவர்கள் 4.7 ஆண்டும், பூப்பந்து ஆடியவர்கள் 6.2 ஆண்டும் கூடுதலாக வாழ்ந்தார்கள். விளையாட்டு மட்டுமே காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. ஆனாலும் சேர்ந்து ஆடுவதில் கிடைக்கும் உறவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள்.

புட்சாலில் சீரான ஓட்டம் கிடையாது. பாய்வது, சட்டென நிற்பது, திரும்புவது என்றே போகும். பழகாத கால் அங்கேதான் மாட்டிக்கொள்கிறது: கெண்டைத் தசை இழுக்கும், கணுக்கால் பிசகும், குதிகால் நாண்கூட அறுந்துபோகலாம். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள், படி விளிம்பில் நின்று குதிகாலை 15 முறை ஏற்றி இறக்குங்கள், மூன்று சுற்று. பல் துலக்கும்போது ஒவ்வொரு காலிலும் 30 விநாடி ஒற்றைக்காலில் நில்லுங்கள். நடைக்கு நடுவே 20 விநாடி விரைவு, ஒரு நிமிடம் நிதானம், இப்படி ஆறு முறை. காலணிக்கு வழுக்காத தட்டை ரப்பர் அடி வேண்டும்.

இதற்கிடையில் கிளினிக்கில் இரத்த அழுத்தம், ஈசிஜி, கண், பாதம் நான்கையும் பார்த்துவிடுங்கள். விழித்திரையில் பாதிப்பு முற்றியிருந்தால் கடுமையான ஆட்டம் கண்ணுக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கலாம்.

மருந்தில் கவனிக்க வேண்டியது கிளிக்லாசைடு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிக்லாசைடு ஆட்டத்தோடு சேர்ந்தால் தாழ்த்திவிடும். ஆடுமுன் சோதியுங்கள். 5.0 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஆட்டம் முடிந்தும் பல மணி நேரம் தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும், ஆகவே படுக்குமுன் இன்னொரு சோதனை அவசியம். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

முதல் மாதம் ஐந்து நிமிடம் ஆட்டம், ஐந்து நிமிடம் ஓய்வு. புட்சாலில் ஆள் மாற்ற வரம்பில்லை. நெஞ்சு இறுகினாலோ வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினாலோ உடனே உட்கார்ந்து, 999-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

ஆட்டம் முடிந்து மாமாக் கடைக்குப் போவதை விடாதீர்கள், அந்தப் பேச்சும் மருந்துதான். தே தாரேக்குக்குப் பதில் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் சேர்க்காத தேநீர்) சொல்லுங்கள்.