வண்டி கேள்வி-பதில்: கன்வர்ட்டரை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: ஐயா, 2014-இல் வாங்கிய எங்கள் பெட்ரோல் எஸ்.யூ.வி. 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக செக் இன்ஜின் விளக்கு அணையவே இல்லை. ஸ்கேனரில் பி0420 என்ற பழுதுக் குறியீடு காட்டுகிறது. புகைக்குழாயில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் போய்விட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். அவர்கள் கேட்ட தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஸ்பார்க் பிளக், பிரேக் பேடு எல்லாம் நானே மாற்றுவேன். இதையும் வீட்டு போர்ட்டிகோவில் வைத்து மாற்றிவிடலாமா? கன்வர்ட்டருக்குப் பதில் வெறும் குழாயை வெல்டிங் செய்து ஓட்டினால் போதும் என்கிறார் நண்பர்.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: மாற்றலாம் தம்பி. ஆனால் அது ஏன் போனது என்று தெரியாமல் புதியதை வாங்கிவிடாதீர்கள். கன்வர்ட்டர் தானாகக் கெடுவது அபூர்வம். பெரும்பாலும் முன்னால் இருக்கும் இன்ஜின்தான் அதைக் கெடுக்கிறது.

கோயம்புத்தூரில் என் பட்டறைக்கு ஓர் ஆசிரியர் வந்தார். வேறோர் இடத்தில் புது கன்வர்ட்டர் போட்டு நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வண்டி மேடேற மறுத்தது. கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். சதுர அங்குலத்துக்கு 400 துளைகள் இருக்க வேண்டிய பீங்கான் தேன்கூடு, நடுவில் மெழுகு போல உருகி அடைத்துக் கிடந்தது. பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் ஒன்று பழுது. அந்த சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே கன்வர்ட்டருக்குள் போய், அங்கே எரிந்திருக்கிறது. காயிலின் விலை கன்வர்ட்டர் விலையில் ஒரு சிறு பங்கு. முதல் கன்வர்ட்டரைக் கழற்றிய அன்றே யாராவது இன்ஜினைக் கவனித்திருந்தால் அந்த மனிதருக்கு இரண்டாவது செலவு வந்திருக்காது. இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

ஆகவே முதலில் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். ஒன்று மட்டும் கரி பிடித்தோ, எண்ணெய் படிந்தோ இருந்தால் அந்த சிலிண்டரைச் சந்தேகியுங்கள். ஆயில் குறைகிறதா, கூலன்ட் இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டுமே கன்வர்ட்டருக்கு நஞ்சு. ஸ்கேனரில் பி0300 முதல் பி0304 வரை ஏதாவது குறியீடு பதிவாகியிருந்தால், சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். அந்த இன்ஜின் மிஸ்ஸிங்கை முதலில் சரிசெய்யுங்கள். பிறகு வண்டி நன்றாகச் சூடான நிலையில் ஸ்கேனரில், கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் இரண்டு ஆக்சிஜன் சென்சார்களையும் கவனியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் முன் சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஊசலாடும். பின் சென்சார் அசையாமல் 0.6, 0.7 என்று நிற்க வேண்டும். பின்னதும் கூடவே ஆடினால் கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை. அந்த முடிவுக்கு வருவதற்கு முன், குழாய் இணைப்பில் புகைக்கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கசிவும் இதே குறியீட்டைக் காட்டிவிடும்.

அடுத்து, வண்டிக்கு அடியில் பாருங்கள். கன்வர்ட்டர் இரு பக்கமும் பிளேஞ்சோடு (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) தனியாகத் தொங்கினால் நீங்களே மாற்றலாம். இன்ஜினோடு ஒட்டி, மேனிஃபோல்டுடன் (சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் குழாய்த் தொகுதி) ஒரே துண்டாக இருந்தால் விட்டுவிடுங்கள். பத்து வருடச் சூட்டில் வெந்த ஸ்டட் (தலையில்லா போல்ட்) ஒன்று சிலிண்டர் ஹெட்டில் முறிந்தால் செலவு பல மடங்காகும்.

முந்தைய இரவே நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். காலையில், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே கை வையுங்கள். சமதளமான சிமென்ட் தரை வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, கம்பெனி குறித்த இடங்களில் ஸ்டாண்டுகளை வைத்து இறக்குங்கள். வண்டியை ஒருமுறை நன்றாக ஆட்டிப் பார்த்த பின்பே உள்ளே போங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. வீட்டில் ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும். துரு கண்ணில் கொட்டும், கண்ணாடி அணியுங்கள்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சென்சார் வயரின் பிளக்கை விடுவித்த பிறகே சென்சாரைத் திருகுங்கள். 22 மி.மீ. ஸ்பேனர் பெரும்பாலும் பொருந்தும். இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுகளும் நட்டுபோல்ட்டும் புதிதாகவே போடுங்கள். கன்வர்ட்டர் மேல் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கையால் மாட்டி, குழாய் நேராக உட்கார்ந்த பின் முறுக்குங்கள். இணைப்பில் சாதாரண சிலிகான் பேஸ்ட் பூசாதீர்கள், அதன் ஆவி சென்சாரைக் கெடுக்கும். முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது கை பட்ட எண்ணெய் கருகிக் கொஞ்சம் புகை வரும், பயப்பட வேண்டாம்.

நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டரும் ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தபோது நான் சென்னையில் உதவியாள். அடைத்த ஷெட்டுக்குள் பழைய வண்டியை ஓடவிட்டு வேலை பார்த்துத் தலை சுற்றி உட்கார்ந்த நாட்கள் எனக்குத் தெரியும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. குழாய் வைத்தால் அந்த நஞ்சு உங்கள் தெருக் குழந்தைகளின் மூச்சில்தான் போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் இப்படி மாற்றுவதைத் தடுக்கிறது.

கேள்வி: மாற்றிய பழைய கன்வர்ட்டரை இரும்புக் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: எடைக்குக் கொடுக்காதீர்கள் அம்மா. அந்தப் பீங்கான் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறார்கள். மேலுறையில் பொறித்த எண்ணை வைத்துத்தான் விலை சொல்வார்கள். அதைப் படமெடுத்து இரண்டு மூன்று வியாபாரிகளிடம் கேளுங்கள். வீட்டில் வைத்து உடைத்துப் பார்க்க வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.