அரேஞ்சரை விற்றுவிட்டு சிந்தசைசர் வாங்க வேண்டுமா?

கேள்வி: தாளமும் துணை இசையும் தானாக ஒலிக்கும் அரேஞ்சர் கீபோர்டு வைத்திருக்கிறேன். சொந்தமாகப் பாட்டு அமைக்க ஆசை. “இதில் அமைப்பது உங்கள் இசையே ஆகாது. இதைக் கொடுத்துவிட்டு, ஒலியையே நாம் உருவாக்கும் புரொஃபஷனல் சிந்தசைசர் எடுங்கள்” என்கிறார் விற்பனையாளர். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொல்வதில் கால்பங்கு உண்மை, முக்கால்பங்கு வியாபாரம்.

அந்தக் கால்பங்கை முதலில் பார்ப்போம். கீபோர்டில் முன்பே பதிந்திருக்கும் துணை இசை நடைகளில் (ஸ்டைல்) ஒன்றை ஓடவிட்டு, இடது கையால் சி, ஈ, ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தி சி மேஜர் கார்டைப் பிடியுங்கள். பிறகு நடுவிரலை மட்டும் ஒரு கட்டை இறக்கி சி மைனர் ஆக்குங்கள். பேஸ், கிடார், வயலின் எல்லாம் ஈ சுரத்தை ஈ ஃபிளாட்டாக மாற்றிக்கொண்டு அதே நடையில் தொடரும். கார்டு உங்களுடையது, நடை வேறொருவர் எழுதிவைத்தது. அரேஞ்சரில் போட்ட பாட்டுகள் ஒரே முகஜாடையில் இருப்பது இதனால்தான்.

இதற்குப் புதுக் கருவி தேவையில்லை. துணை இசையை அணைத்துவிட்டு டிரம்ஸை மட்டும் ஓடவிடுங்கள். பேஸை நீங்களே வாசித்துப் பதியுங்கள். அதன்மேல் அடுத்த வாத்தியம். முதல் வாரம் தடுமாறும். ஆனால் தடுமாறுவது உங்கள் இசை.

இனி முக்கால்பங்கு. ‘ஆயிரக்கணக்கான ஒலிகள்’ என்று எண்ணிக்கையைக் காட்டி விற்பவரை நம்பாதீர்கள். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 முழுக்க முழுக்கத் தொழில்முறை சிந்தசைசர். ஆனால் அதில் ஒலி அமைப்பது கடினம் என்பதால், பெரும்பாலோர் உள்ளே இருந்த ஒலிகளையே வாசித்தார்கள். அதன் எலக்ட்ரிக் பியானோ அந்தப் பத்தாண்டின் எத்தனையோ பாட்டுகளில் ஒரே மாதிரி ஒலிக்கிறது. சிந்தசைசர் வாங்கினால் மட்டும் தனித்தன்மை வந்துவிடாது.

இன்னொன்றையும் கடையில் சொல்லமாட்டார்கள். பெரும்பாலான சிந்தசைசர்களில் ஸ்பீக்கர் கிடையாது. வீட்டுக்குக் கொண்டுவந்து சுவிட்சைப் போட்டால் சத்தமே வராது. அதேபோல, ‘ஒரு யுஎஸ்பி கம்பி போதும், கணினியில் பதிவாகிவிடும்’ என்பார்கள். பல கீபோர்டுகளில் அந்தக் கம்பி மிடியை மட்டுமே கடத்தும். அதாவது, எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்ற குறிப்பு மட்டும் போகும், ஒலி போகாது. ஒலிக்குத் தனியாக, அதைக் கணினிக்குள் கொண்டுசேர்க்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற கருவி வேண்டும். இதைப் பெட்டியின்மேல் ஒரு வரி பெரிய எழுத்தில் அச்சிட்டால் எத்தனை பேரின் பணம் மிஞ்சும்! கையேட்டின் கடைசிப் பக்கங்களில் புதைத்துவைக்கிறார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சிலருக்கு மெட்டுக்கு முன்னால் ஒலி தோன்றும். கட்டையை அழுத்தியதும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாகத் தொடங்கி, நான்கு விநாடிகளில் மெல்லத் திறந்து, விரலை எடுத்த பிறகும் கரைந்துகொண்டே போகும் ஓர் ஒலி. இதற்கு ஒலியை மங்கலாக்கும் ஃபில்டர் திறக்கும் வேகத்தையும், ஒலி எழுந்து அடங்கும் நேரத்தையும் நீங்களே தீர்மானிக்க வேண்டும். அரேஞ்சரில் இதற்கு இடம் குறைவு. சிந்தசைசர் இதற்காகவே பிறந்தது. உள்ளே இருக்கும் ஒலிகளைப் புரட்டிப் பார்த்து நல்லதை எடுத்துக்கொள்பவர் இந்த வகையில் சேரமாட்டார். ஒலியைச் செதுக்குவதிலேயே ஒரு மாலைப்பொழுது போய், அதில் மகிழ்ச்சியும் அடைபவர்தான் சேருவார்.

நீங்கள் அந்த வகையா என்று செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம். சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச மென்பொருள் சிந்தசைசரைக் கணினியில் ஏற்றி, உங்கள் அரேஞ்சரை அதே யுஎஸ்பி கம்பியால் இணையுங்கள். இந்த வேலைக்கு மிடி மட்டும் போதும். ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள். அதுவரை அந்தக் கடைப்பக்கம் போகாதீர்கள்.